சத்தம் இல்லாத ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒரு லட்சம் வெள்ளி சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) கட்டுவீர்களா?

கேள்வி: 6 ஜூலை 2025

மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி63-ல் எட்டு சிலிண்டர் வி8 என்ஜின் போய் நாலு சிலிண்டரும் மின் மோட்டாரும் வந்துவிட்டன. போர்ஷேயின் புது மக்கான் மின்சாரத்தில் மட்டும்தான். எடையைக் குறைப்பதையே வேதமாகச் சொன்ன லோட்டஸ் இரண்டரை டன் எஸ்யூவி விற்கிறது. பின்னால் ஒட்டியிருக்கும் பெயர் மட்டும்தான் பழசு. 2030-லிருந்து சிங்கப்பூரில் பெட்ரோல் காரைப் பதியவே முடியாது. இதையெல்லாம் கார்ப் பிரியர்கள் ஏன் ஏற்றுக்கொள்ள வேண்டும்?

6 ஜூலை 2025, இரவு

ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. சத்தம் போனால் பாதி கார் போச்சு.

2008-ல் இங்கே முதல் எஃப்1 இரவுப் பந்தயம் நடந்தபோது சிட்டி ஹால் எம்ஆர்டி-யில் படியேறிக்கொண்டிருந்தேன். ஒரு காரும் கண்ணில் படவில்லை, அதற்குள் நெஞ்செலும்பு அதிர்ந்தது. 2.4 லிட்டர் வி8, நிமிடத்துக்கு 19,000 சுற்று. வெளியே போக வழியில்லாமல் அந்த ஓசை கட்டடங்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றி வந்தது. 2014-ல் 1.6 லிட்டர் டர்போ ஹைபிரிட் வந்த வருஷம், தடத்தின் ஓரத்தில் நின்றபடி பக்கத்தில் இருந்தவரோடு சாதாரணக் குரலில் பேச முடிந்தது. அன்று வீட்டுக்கு வந்தபோது எதையோ பறிகொடுத்த மாதிரி இருந்தது.

7 ஜூலை 2025

கேள்வியில் ஒரு திருத்தம். 2030-லிருந்து புதிதாகப் பதியும் கார்கள் எல்லாம் தூய்மையான எரிசக்தி வகையாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. மின்சாரம், ஹைட்ரஜன் இரண்டோடு ஹைபிரிடும் அதில் அடக்கம். முழுக்க எரிபொருளில் ஓடும் வண்டிகள் 2040-க்குள் சாலையிலிருந்து விலக வேண்டும் என்பது அரசின் இலக்கு. டீசல் காரைப் புதிதாகப் பதிவது மட்டும் இந்த 2025-லேயே நின்றுவிட்டது.

என் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது 2008 ஹோண்டா சிவிக் டைப் ஆர், மாடல் குறியீடு எஃப்டி2. பத்து வருஷம் முடிந்ததும் 2018-ல் சிஓஇ புதுப்பித்தேன். அன்று கட்டிய தொகை இன்று பெரிய கார்களுக்கான பி பிரிவில் கேட்பதில் பாதிகூட இல்லை. வண்டிக்கு வயதாகிவிட்டதால் சாலை வரியில் 50 விழுக்காடு கூடுதல். 2028-ல் மறுபடியும் புதுப்பிப்பதா, ஸ்கிராப்புக்குக் கொடுத்துவிட்டு மின்சாரத்துக்குப் போவதா என்று முடிவெடுக்க வேண்டும். அதனால் இது எனக்கு வீட்டுக் கேள்வி.

13 ஜூலை 2025

“விரைவுச்சாலையில் அதிகபட்சமே 90. அதில் டைப் ஆர் எதற்கு, மின்சார பிஎம்டபிள்யூ எம் எதற்கு?” என்று கேட்ட தம்பிக்கு.

ஒரு வாரமாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நியாயமான கேள்வி. இந்த ஊரில் நிரந்தரப் பந்தயத் தளம் கிடையாது. சாங்கியில் ஒன்று கட்டுவதாக இருந்தார்கள், கைவிட்டுவிட்டார்கள். தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. வேகத்துக்காக இங்கே யாரும் வேகக் கார் வைத்திருக்க முடியாது.

அப்படியானால் 17 வருஷமாக நான் எதற்குச் செலவு செய்கிறேன்? இரண்டாம் கியருக்காக.

விரைவுச்சாலையில் சேரும் அந்தக் கடைசி 200 மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்டி2-வில் இரண்டாம் கியரில் 5,800 சுற்றைத் தாண்டும்போது வேகம் 65-ஐ ஒட்டித்தான் இருக்கும். அந்த இடத்தில் எண்ணெய் அழுத்தம் ஒரு சின்ன உலோக ஊசியைத் தள்ளி, வால்வுகளைத் திறக்கும் ராக்கர் கைகளை ஒன்றாகப் பூட்டுகிறது. வால்வுகள் பெரிய கேம் மேட்டில் ஏறுகின்றன. ஹோண்டாவின் விடெக் என்பது இவ்வளவுதான். குரல் மாறும், முதுகில் ஒரு தள்ளு. சுற்று காட்டும் முள் 8,000-ஐத் தொடும்போது ஸ்பீடோமீட்டர் 90-ல் நிற்கும். மூன்றாம் கியர் போட்டுவிட்டு மற்றவர்களோடு சேர்ந்துகொள்வேன். சட்டத்தை மீறவில்லை, யாரையும் முந்தவில்லை. மூன்று வினாடி. அந்த மூன்று வினாடியில் அந்த இயந்திரம் தனக்குள் நடப்பதை எல்லாம் காதுக்கும் கைக்கும் முதுகுக்கும் சொல்லிவிடுகிறது.

600 குதிரைத்திறன், 700 குதிரைத்திறன் என்று மின்சாரக் கார்கள் வரும்போது எனக்கு உறைப்பது இதுதான். இங்கே அந்தத் திறனை எங்கே வைத்துக்கொள்வது? 90 வரைக்கும் போகும் வழியில் வண்டி என்னோடு பேசுமா, பேசாதா? சிங்கப்பூர்க்காரனுக்கு வேண்டிய பதில் அது ஒன்றுதான்.

அப்புறம் அந்த கியர் குமிழ். அலுமினியத்தில் செய்தது. திறந்த கார்பார்க்கில் மத்தியானம் நிறுத்தினால் உள்ளங்கை சுட்டுவிடும். அதனால் எப்போதும் அதன்மேல் ஈரமான சின்னத் துண்டு ஒன்று போட்டு வைப்பேன். வண்டியை எடுக்கும் முன் துண்டை விலக்கி, குமிழைக் கையால் மூடிப் பார்க்கும் அந்த நொடியிலிருந்தே ஓட்டுவது தொடங்கிவிடுகிறது.

13 ஜூலை 2025, பின்னிரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். முதல் நாள் சத்தம்தான் பாதி என்றேன். இன்று எழுதியதில் சத்தம் மூன்றில் ஒன்றுதான். யோசிக்க வேண்டும்.

20 ஜூலை 2025

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ, மிட்சுபிஷி எவோ பற்றி யாரும் பேசவில்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். அவற்றுக்கு மின்சாரத்துக்கு மாறும் வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. எவோ பத்தாவது தலைமுறையோடு நின்றுவிட்டது. இப்போதைய டபிள்யூஆர்எக்ஸ்-ல் எஸ்டிஐ கிடையாது என்று 2022-ல் சுபாரு சொல்லிவிட்டது. செம்பவாங் பக்கம் ஒரு காலத்தில் சனிக்கிழமை இரவுகளில் அந்த பாக்ஸர் என்ஜினின் தடதடப்பு கேட்காமல் இருக்காது. இப்போது எப்போதாவது ஒன்று கேட்டால் ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கிறேன்.

27 ஜூலை 2025

நேற்று காக்கி புக்கிட்டில் வால்வு இடைவெளி சரிபார்க்கப் போயிருந்தேன். வொர்க்‌ஷாப் அங்கிளுக்கு எழுபது வயது இருக்கும். 2011-லிருந்து என் வண்டியை அவர் ஒருவர்தான் தொடுகிறார்.

என்ஜின் ஆறும்வரை தொடமாட்டார். அதுவரைக்கும் கோப்பி ஓ, பால் இல்லாத காப்பி. அப்புறம் மூடியைத் திறந்து, மெல்லிய தகட்டு அளவுகோலைக் ராக்கரின் திருகுக்கும் வால்வின் நுனிக்கும் நடுவே நுழைத்து இழுப்பார். கால் மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளி அது. தகடு வரும்போது கொஞ்சம் பிடிக்க வேண்டும், மாட்டிக்கொள்ளக் கூடாது. “வெண்ணெய்யிலிருந்து கத்தியை எடுக்கிற மாதிரி” என்பார் மலாயில். ஒருமுறை என் கையில் தகட்டைக் கொடுத்து இழுக்கச் சொன்னார். எனக்கு இரண்டு வால்வுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது, ஒன்றைத் திரும்ப முடுக்கினார். எல்லாம் முடிந்து வண்டியைக் கிளப்பியதும் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். தலையாட்டினார். பில் போட்டார்.

மின்சாரக் கார் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். டயர், சஸ்பென்ஷன், பிரேக் பார்ப்பேன், மற்றதைக் கம்பெனிக்காரனே பார்த்துக்கொள்வான், எனக்கும் வயதாகிவிட்டது என்றார். மகன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை.

போகிறது போகிறது என்று நாம் அழும்போது இவரைப் போன்றவர்களின் விரல் நுனியில் இருப்பதும் சேர்ந்தே போகிறது. வி8 ஓசையைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். இதை எதில் பதிவு செய்வது?

3 ஆகஸ்ட் 2025

அப்பாவிடம் இந்த விவாதத்தைச் சொன்னேன். அவர் செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் வளர்ந்தவர். தாம்சன் ரோட்டில் 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ நடந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். இன்று பழைய அப்பர் தாம்சன் ரோட்டில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும் அதே வளைவுகள்தான். அப்பா சின்னப் பையனாக வாய்க்கால் ஓரம் நின்று பார்த்திருக்கிறார். 

சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர் முதலில் சொன்னது வாசனையை. “விளக்கெண்ணெய் வாசம்டா.” ஆமணக்கு எண்ணெயில் செய்த ரேசிங் ஆயிலைத்தான் அன்றைக்குப் பந்தய பைக்குகளில் ஊற்றுவார்கள். பாட்டி வயிறு சுத்தமாகட்டும் என்று மூக்கைப் பிடித்து ஊற்றிய அதே விளக்கெண்ணெய். அந்த வாசம் வந்தாலே வீட்டில் ஓடி ஒளிபவர், தாம்சன் ரோட்டில் மட்டும் நெஞ்சு நிறைய இழுத்தாராம்.

அந்த வாசனை போய் ஐம்பது வருஷம் ஆகிறது. என் தலைமுறை அதைத் தேடவே இல்லை. என் மகள் வி8-ஐத் தேடமாட்டாள். இது எனக்கு ஆறுதலா, வருத்தமா என்று சொல்லத் தெரியவில்லை.

17 ஆகஸ்ட் 2025

இன்று நீளமாக எழுதுகிறேன். நான் சொன்னதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

நண்பர் ஒருவர் ஹூண்டாயின் மின்சாரக் கார் ஐயோனிக் 5 ‘என்’ (N) வாங்கியிருக்கிறார். சாதாரண ஐயோனிக் 5-ஐ ஜூரோங்கில், 2023-ல் திறந்த ஆலையில் இங்கேயே செய்கிறார்கள், கூரைமேல் 620 மீட்டர் சோதனைத் தடத்தோடு. அந்தக் கூரையைப் பார்க்கும்போதெல்லாம் கார் செய்யாத ஊர் என்று பெயர் வாங்கிய இடத்தில் இப்படி ஒன்றா என்று மனசு கொஞ்சம் நிமிரும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஓட்டக் கொடுத்தார். முதல் பத்து நிமிடம் நான் பயந்த மாதிரியே இருந்தது. மிதித்தால் பாய்கிறது, மிதிக்காவிட்டால் சும்மா இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. லிஃப்ட்டில் ஏறிய மாதிரி. அப்புறம் அவர் ஒரு பொத்தானை அழுத்தி ‘என் இ-ஷிஃப்ட்’டைப் (N e-Shift) போட்டார். எட்டு கியர் பெட்டி இருப்பதுபோல நடிக்கும் ஏற்பாடு. கியர் மாறும்போது மோட்டாரின் இழுவையை ஒரு கணம் வெட்டி உலுக்கும். கூடவே ஸ்பீக்கரில் என்ஜின் குரல். அடுத்த கியருக்கு மாற்றாமல் பிடித்து வைத்தால் 8,000-ல் முட்டி நிற்கும்.

இல்லாத கியர், இல்லாத என்ஜின். இந்த மாதிரிப் பொய்யைத்தான் முதல் நாளிலிருந்து எனக்குப் பிடிக்கவில்லை. அபார்த் தன் 500இ-க்குப் பழைய ஓசையைச் செயற்கையாக உண்டாக்க 6,000 மணி நேரத்துக்கு மேல் உழைத்ததாகச் சொன்னபோதும், டாட்ஜ் தன் மின்சார சார்ஜருக்கு 126 டெசிபல் கத்தும் ‘எக்ஸாஸ்ட்’ வைத்தபோதும் எனக்கு வந்தது எரிச்சல்தான்.

ஆனால் அடுத்த வளைவில் நடந்ததை மறைக்க மாட்டேன். டேஷ்போர்டைப் பார்க்காமலே என் வேகம் எனக்குத் தெரிந்தது. பிரேக் பிடித்து இரண்டு கியர் இறக்கினேன். குரல் ஏறியது, உடம்பு அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது, வளைவுக்குள் சரியான வேகத்தில் நுழைந்தேன். பொத்தானை அணைத்துவிட்டு அதே சுற்றைப் போனேன். நுழைவு வேகம் தவறிவிட்டது, கூடுதலாகப் பிரேக் பிடித்தேன். அதாவது அந்தப் பொய்யான குரல் எனக்கு மெய்யான சேதி ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. மோட்டாரின் சுற்றோடும் மிதியோடும் கட்டிப்போட்ட குரல் என்பதால்தான் அது முடிந்தது.

அதனால் முதல் நாள் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். சத்தம் வெறும் அலங்காரமாக இருந்தால் எனக்கு வேண்டாம். ஓட்டுகிறவனுக்குச் சேதி சொல்லுமானால், எதிலிருந்து வந்தாலும் அதற்கு மரியாதை கொடுப்பேன்.

18 ஆகஸ்ட் 2025

ஒன்று விட்டுப்போச்சு. எடை. என் எஃப்டி2 1,270 கிலோ. அந்த வண்டி கிட்டத்தட்ட 2,200. வித்தியாசம் மட்டுமே சுமார் 930 கிலோ. லோட்டஸின் முதல் எலீஸ் முழுக் காரும் 725 கிலோவை ஒட்டித்தான். அந்த எடையை மென்பொருள் சாமர்த்தியமாக மறைக்கிறது. ஆனால் நொவீனா பக்கம் மேடுபள்ளமான ஒரு வளைவில் வண்டி ஒருமுறை இறங்கி எழுந்தபோது இடுப்புக்குத் தெரிந்துவிட்டது. கேள்வி கேட்டவர் லோட்டஸைச் சொன்னாரே, அங்கே அவர் பக்கம்தான் நியாயம். எளிமையாக்கு, அப்புறம் எடையைக் குறை என்று லோட்டஸை உருவாக்கிய சாப்மன் சொன்னதை வைத்துப் பிழைத்த கம்பெனி எல்லாவற்றையும் விட்டாலும் அதை விட்டிருக்கக் கூடாது.

31 ஆகஸ்ட் 2025

“பிரியர்கள் யாரும் வாங்கமாட்டார்கள்” என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். 2022-ல் பிஎம்டபிள்யூ எம் பிரிவில் உலகத்திலேயே அதிகம் விற்ற வண்டி ஐ4 எம்50, முழு மின்சாரம். இங்கே 2024-ல் எல்லா பிராண்டையும் தாண்டி முதலிடத்தில் நின்றது சீன மின்சாரக் கார் பிராண்டான பிஒய்டி. வாங்குகிறார்கள். நம்மைக் கேட்டுக்கொண்டு வாங்கவில்லை, அவ்வளவுதான்.

20 செப்டம்பர் 2025

போர்ஷே நேற்று சொன்னதைப் படித்தீர்களா? மின்சாரத் திட்டங்களைத் தள்ளிப்போடுகிறார்கள். கயெனுக்கு மேலே வரவிருந்த பெரிய எஸ்யூவி முதலில் பெட்ரோலிலும் பிளக்-இன் ஹைபிரிடிலும்தான் வரும். லோட்டஸும் 2028-க்குள் முழு மின்சாரம் என்று சொல்லிவிட்டு, போன வருஷம் ஹைபிரிடுக்குத் திரும்பியது.

வெற்றி வெற்றி என்று எழுதுகிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. 2030-க்குள் விற்பனையில் 80 விழுக்காடு மின்சாரம் என்று அறிவித்ததும் இதே போர்ஷேதான். சந்தை காற்றடிக்கும் பக்கம் சாய்கிறார்கள். ஓட்டுகிறவனுக்கு எது வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவாக இதுவும் எனக்குத் தெரியவில்லை.

5 அக்டோபர் 2025

மகளோடு பந்தயத்துக்குப் போய்விட்டு வந்தேன். அவளுக்கு 19 வயது. கார் போன சத்தத்தில் சிலிர்த்துப்போய் என் கையைப் பிடித்தாள். எனக்குக் குறையாகக் கேட்ட அதே வி6 டர்போ. நான் வாயைத் திறக்கவில்லை.

10 அக்டோபர் 2025

ஃபெராரி நேற்று தன் முதல் மின்சாரக் காரின் உள்கட்டமைப்பைக் காட்டியது. நாலு மோட்டார், 1,000 குதிரைத்திறனுக்கு மேல். அதில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: என்ஜின் ஓசையைப் பதிவு செய்து போடவில்லை. பின் அச்சில் அதிர்வை உணரும் கருவி வைத்து, மோட்டாரும் பல்சக்கரங்களும் உண்மையில் எழுப்பும் அதிர்வை எடுத்துப் பெருக்கிக் கொடுக்கிறார்கள். மின்சார கிட்டார் மாதிரி என்று அவர்களே சொல்கிறார்கள்.

நமக்குப் புரிய வீணையைச் சொல்லலாம். வீணைக்குக் குரல் சன்னம். பெரிய மண்டபத்தில் பின்வரிசைக்குக் கேட்காது. அதனால் பலரும் காண்டாக்ட் மைக்கை ஒட்டிக்கொண்டு வாசிக்கிறார்கள். நாதம் மாறிவிட்டது என்று பெரியவர்கள் வருத்தப்படுவதுண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆனால் கேட்பது அந்தத் தந்திதான், அந்த விரல்தான். கமகம் தப்பினால் தப்பியதும் கேட்கும். பதிவு செய்த வீணையை ஓடவிட்டு மேடையில் உட்கார்ந்திருப்பது வேறு.

ஆகஸ்டில் எழுதியதற்கு இப்போது எனக்கு நல்ல வார்த்தை கிடைத்துவிட்டது. ஓட்டுகிறவன் தப்பு செய்தால் அந்தத் தப்பு கேட்க வேண்டும். பெட்ரோலோ மின்சாரமோ, அதைக் கேட்கவிடும் கம்பெனிக்குத்தான் என் காசு.

அந்த ஃபெராரியை நான் வாங்கப்போவதில்லை. இங்கே 80,000 வெள்ளிக்கு மேற்பட்ட மதிப்புக்குப் பதிவுக் கட்டணமே 320 விழுக்காடு. ஆனால் பெரியவர்கள் செய்வது பத்து வருஷத்தில் சின்னக் கார்களுக்கு இறங்கி வரும். அந்த நம்பிக்கையில்தான் சொல்கிறேன்.

16 நவம்பர் 2025

ஐயோனிக் நண்பரும் நானும் நேற்று மலேசியாவின் செப்பாங் பந்தயத் தளத்துக்குப் போய்வந்தோம். எல்லை தாண்ட துவாஸ் சோதனைச்சாவடியில் எனக்கு முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும். அவருக்கு டேங்க்கே இல்லை. நான் முந்தின இரவே பம்புக்குப் போக வேண்டியிருந்தது, அவர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்பார்க்கில் செருகிவிட்டுத் தூங்கிவிட்டார். ஆனால் நெடுஞ்சாலை ஓய்வுத்தலம் ஒன்றில் சார்ஜர் வேலை செய்யவில்லை. அடுத்த இடத்தில் வரிசை. 300 கிலோமீட்டர் பயணத்தில் அவருக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். நாசி லெமாக் சாப்பிட்டோம், பிறகு ஆளுக்கு ஒரு தே தாரிக்.

தடத்தில் 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. நேர்ப்பாதைகளில் அவர் என்னைவிட்டு மறைந்தே போனார். வளைவுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணுக்குத் தெரிந்தார். இருபது நிமிடத்தில் அவர் பேட்டரியில் பாதிக்கும் மேல் போயிருந்தது, டயர் தோள்பட்டைகள் உரிந்திருந்தன. இறங்கி வந்தபோது இருவர் முகமும் ஒரே மாதிரி வியர்த்து, ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தன. மதியத்துக்குமேல் வண்டியை மாற்றிக்கொண்டோம். அவர் எஃப்டி2-விலிருந்து இறங்கியதும் சொன்னது: “அண்ணே, இதில் நான் செய்கிற எல்லாமே எனக்குத் தெரியுது.”

2028-ல் என்ன செய்வேன் என்று கேட்டவர்களுக்கு: ஒரு லட்சத்துக்கு மேல் கட்டிப் புதுப்பிக்க என்னால் முடியாது. மின்சாரத்துக்குத்தான் போவேன். எடை குறைவாக ஏதாவது வந்திருந்தால் அதற்கு. இதை எழுதும்போது கை தயங்குகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

23 நவம்பர் 2025

மகளிடம் இருப்பது 3ஏ லைசென்ஸ். ஆட்டோமேட்டிக் கியர் கார் மட்டும். கிளட்ச் மிதித்ததே இல்லை. நேற்று இரவு கீழே இறங்கி வந்து, வண்டியில் கொஞ்ச நேரம் உட்காரலாமா என்று கேட்டாள். அடுக்குமாடி கார்பார்க்கின் நாலாம் தளம். எதிரே இரண்டு லாட்டில் மின்சாரக் கார்கள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். என்ஜினைக் கிளப்பவில்லை. துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கிளட்ச்சை அடிவரை மிதிக்கச் சொன்னேன். குமிழை உள்ளங்கையால் தள்ளச் சொன்னேன், இறுக்கிப் பிடிக்க வேண்டாம் என்றேன். ஒன்று. இரண்டு. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது நடுவில் தானாக வழிவிடும் இடத்தை அவளே கண்டுபிடித்துவிட்டாள். ஆறுவரை போய், ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தாள். அந்தத் தளம் முழுக்க அமைதியாக இருந்ததால் ஒவ்வொரு கியரும் உட்காரும் ‘டிக்’ தெளிவாகக் கேட்டது.

“இன்னொரு தடவை” என்றாள்.